மறியல் வீட்டில் மத்தியானச் சாப்பாடு

அந்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன். அதற்கு இலவச விளம்பரம் செய்து கொடுக்க எனக்கு என்ன தலையெழுத்து? லண்டனுக்குள்தான் இருக்கிறது. முதலில் கோட்டை, பிறகு தலைமுறை தலைமுறையாகச் சிறை, இப்போது சாப்பாட்டுக்கடை. வாசலில் இரண்டு உருண்டைக் கோபுரங்கள், நடுவில் இரும்புக் கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கில் கடையின் பெயர். கைதிகளைத் தூக்கில் போட்ட முற்றத்தில் குடை விரித்து மேசை போட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஏறிக் குதிக்க ஒரு மூலையில் காற்றடித்த ரப்பர் கோட்டையும் நிற்கிறது. கோட்டைக்குள் இன்னொரு கோட்டை. இந்த நாட்டுக்காரருக்கு எதையும் வீணாக்க மனம் வராது. மனிதரை அடைத்து வைத்த அறையில்கூட நான்கு பேருக்கு மேசை போட முடியுமா என்று அளந்து பார்ப்பார்கள்.

நான் விரும்பி அங்கே போகவில்லை. என் மகளுக்கு வரப்போகிற மாமியார் அழைத்தார், போனேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மகன், இளையவள் மகள். நாங்கள் மன்னாரிலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே பிள்ளைகளின் தகப்பன் காலமான பிறகு லண்டனுக்கு வந்த ஆட்கள். ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் சேலைக்குச் சட்டை தைக்கிறேன். வருகிறவர்கள் உடம்பு அளவோடு ஊர்க்கதையையும் தந்துவிட்டுப் போவார்கள், என்னிடமிருந்தும் ஏதாவது பிடுங்கப் பார்ப்பார்கள்.

மகன் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். ஒரு மதுக்கடை வாசலில் வாக்குவாதம் முற்றி ஒருவரை அடித்துவிட்டான். விழுந்தவருக்குத் தலையில் அடி. கிழமைக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒன்றரை வருடம் உள்ளே இருந்தான். எங்கள் பேச்சில் சிறைக்கு மறியல் என்று பெயர். சிறைக்கூடம் மறியல் வீடு. மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவன் மறியலில் இருக்கிறான் என்றால் கம்பிக்குள் இருக்கிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அவன் உள்ளே இருந்த காலத்தில் கோவிலில் என்னோடு செபமாலை சொல்லுகிற மனுசிமார் எனக்கு நிறையப் பொய்கள் சொல்லித் தந்தார்கள். கனடாவில் மாமன் வீட்டில் நிற்கிறான் என்று சொல்லு. கப்பலில் வேலை என்று சொல்லு. படிக்கப் போயிருக்கிறான் என்று சொல்லு. ஒன்றையும் நான் எடுக்கவில்லை. “எங்கை மோனைக் காணேல்லை?” என்று யாராவது கேட்டால், “மறியலிலை” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. கேட்டவருடைய முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் ஒரு சுகம். அதற்குப் பிறகு அவர்களில் பாதிப்பேர் என்னிடம் சட்டை தைக்கக் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். போகட்டும்.

இப்படி இருக்கையில்தான் மகளுக்குக் கலியாணம் கூடிவந்தது. பெடியன் தூத்துக்குடி. இங்கே படிக்க வந்து, படித்து முடித்து, கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கோவில் பாட்டுக்குழுவில் பழக்கம். அவனுடைய தகப்பனும் இல்லை. தாய் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். மகனோடு சில மாதம் இருந்துவிட்டுப் போகவும், கலியாணத்தைப் பேசி முடிக்கவும் விசா எடுத்து வந்திருந்தார்.

மகள் ஒரே ஒரு விசயத்தில் பிடிவாதமாக நின்றாள். அப்பா இல்லாத இடத்தில் அண்ணாதான் தன்னைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டும். மாமனும் வேண்டாம், சித்தப்பாவும் வேண்டாம். அதனால் அண்ணாவைப் பற்றி அந்தத் தாய்க்குச் சொல்லாமல் ஓர் அலுவலும் தொடங்கக் கூடாது. பெடியனுக்கு அவள் எப்போதோ சொல்லிவிட்டாள். தாய்க்குச் சொல்லுவது என் வேலை என்று தீர்மானமாயிற்று. ஊருக்கே சொன்னவளுக்கு இது ஒரு வேலையா?

டெலிபோன் எடுத்தேன். சுற்றி வளைக்கவில்லை.

“ஒண்டு முதலே சொல்லவேணும். என்ரை மோன் மறியலிலை இருந்தவன். ஒண்டரை வருசம்.”

“ஒண்ணரை வருஷமா! அடேயப்பா!” என்றார். “இந்தக் காலத்துல எந்தப் பையன் இதெல்லாம் செய்றான்? நீங்க பெருமைப்படணும் சம்பந்தியம்மா.”

பிறகு எடுக்கிறன் என்று போனை வைத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமான பேச்சுக் கேட்டிருக்கிறேன். முகம் சுளித்தவர் உண்டு, சிலுவை போட்டுக்கொண்டவர் உண்டு. இவ்வளவு பச்சையாக நக்கலடித்தவர் இல்லை. பெருமைப்படவாம். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சொன்னவ?” என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோசம். அன்ரி நல்ல மனம், பரந்த மனம், படித்த மனுசி என்றால் இப்படித்தான் என்று துள்ளினாள். மகன் மாடிக்குப் போய்விட்டான். படித்தவளோ படிக்காதவளோ, வாயைத் திறந்ததும் குத்துகிறாள் என்று நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த மனுசி எதைச் சொன்னாலும் எனக்குக் குத்தலாகவே கேட்டது. “உங்ககிட்ட நெறையப் பேசணும்” என்று செய்தி அனுப்பினார். எங்கள் வீட்டில் பேசுவதென்றால் ஏசுவது. வா, பேசு, பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வந்ததுதான் இந்தச் சாப்பாட்டு அழைப்பு. குரல் பதிவாக அனுப்பியிருந்தார். “சம்பந்தியம்மா, சனிக்கிழமை மத்தியானம் கல்யாண விஷயத்தை உக்காந்து பேசிருவோம். ஒரு எடம் புக் பண்ணியிருக்கேன். பழைய கோட்டை, ஜெயிலா இருந்துச்சாம், அதுக்குள்ள சாப்பாடாம்! தம்பிக்கு ரொம்பப் பிடிக்கும்.”

தம்பிக்குப் பிடிக்குமாம். அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். தையல் மெஷினில் ஊசி உடைந்தது. என் பிள்ளை சிறையில் இருந்தான் என்று தெரிந்துகொண்டு, சிறையில் வைத்துச் சாப்பாடு போட ஒரு மனுசிக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! வேண்டுமென்றே செய்கிறாள், எங்களை மட்டம் தட்டிவிட்டுத்தான் பெண்ணெடுப்பாள் என்று மகளிடம் கத்தினேன். மகள் பெடியனுக்குப் போன் அடித்துக் கேட்டாள். அவன் பாவம், “அங்க வேணாம்மான்னு நானும் சொன்னேன். அவங்களே வெளிப்படையாச் சொன்னவங்க, அவங்களுக்கு என்ன கூச்சம்னு கேக்கிறாங்க” என்றானாம்.

கூச்சமில்லை என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவள் நான்.

“நான் வரேல்லை அம்மா. நீங்கள் போயிட்டு வாங்கோ” என்றான் மகன்.

“நீ வராட்டி உன்னை ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கும். வெளிக்கிடு.”

வெளிக்கிட்டான். உள்ளே போய் வந்த பிறகு அவன் எதற்கும் எதிர்த்துக் கதைப்பதில்லை. எழும்பு என்றால் எழும்புகிறான், இரு என்றால் இருக்கிறான். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பழக்கத்தைத்தான் நானும் பயன்படுத்திக்கொண்டேன்.

வாசலில் சிறைக்காவலன் வேசத்தில் ஒருவன் நின்றான். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. ஒன்றுகூட ஒரு பூட்டையும் திறந்திருக்காது. கோட்டு பொலியெஸ்டர், கைமடிப்பு ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது, தோளில் தையல் பிரிந்து நூல் தொங்கியது. இந்த நூலைக்கூட வெட்டத் தெரியாதவர்கள் எங்களுக்குப் பயம் காட்டப் போகிறார்களாம். வருகிறவர்களை வரிசையில் விட்டு, உறுமி உறுமிப் பேசி, புறங்கையில் ‘கைதி’ என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தினான். முன்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகன் அவன் கேட்க முன்னமே கையை நீட்டினான். புறங்கை மேலே, விரல்கள் விரித்தபடி. அவன் உள்ளே இருந்தபோது பார்க்கப் போகிற நாட்களில் என் கையிலும் இப்படித்தான் முத்திரை குத்துவார்கள். பிறகு சப்பாத்தைக் கழற்றச் சொல்லுவார்கள், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவார்கள், நாயை விட்டு மணக்க விடுவார்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

சம்பந்தியம்மா பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேல் தன் மகனுடைய குளிர்க்கோட்டுப் போட்டு, காலில் ஓடுகிற சப்பாத்தோடு நின்றார். முகமெல்லாம் பல். என் கையைப் பிடித்துக்கொண்டு, “எவ்வளவு பெரிய சுவர் பாத்தீங்களா!” என்றார். பார்த்தேன் என்றேன். என் மகனுடைய தோளைத் தட்டி, “தம்பி, உங்களைப் பாக்கணும்னு எவ்வளவு நாளா ஆசை தெரியுமா?” என்றார். அவன் நிலத்தைப் பார்த்து, “தாங்க்ஸ் அன்ரி” என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு முதல் உள்ளே சுற்றிக்காட்டுவார்கள். அதுவும் சேர்த்துத்தான் புக் பண்ணியிருந்தார். நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் கனத்த கதவுகள். எங்களோடு ஒரு கூட்டம் இளம் பெட்டையள். யாருக்கோ கலியாணமாம், எல்லாரும் கோடுபோட்ட கைதித் தொப்பி போட்டு, கையில் கிளாசோடு வந்தார்கள். காவலன் வேசக்காரன் ஒவ்வொரு கதவாக நின்று, இங்கே இருந்தவன் இன்னதைத் திருடினான், அங்கே இருந்தவள் பிள்ளையோடு செத்தாள் என்று பகிடியாகச் சொல்லிக்கொண்டு போனான். செத்த பிள்ளைக்கும் ஒரு பகிடி வைத்திருந்தான். சம்பந்தியம்மா எல்லாவற்றையும் படம் எடுத்தார்.

ஓர் அறைக்கு முன்னால் அவன் நின்று, யாராவது ஒருவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டப்போகிறேன், யார் வருகிறீர்கள் என்று கேட்டான். பெட்டையள் ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். அப்போது சம்பந்தியம்மா கையைத் தூக்கினார். தூக்கின கையால் என் மகனைக் காட்டினார்.

“தம்பி, நீங்க போங்க. உங்களுக்குப் பழக்கம்தானே!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெடியன், “அம்மா!” என்றான். மகள் அண்ணாவின் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். யாரோ போகச் சொன்னார்கள், போனான். கதவு அடைபட்டது. வேசக்காரன் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க, பெட்டையளும் கிளாசைத் தட்டிக்கொண்டு சேர்ந்து எண்ணினார்கள். நான் போய்க் கதவில் கையால் அடித்தேன். “திறவடா! திறவடா நாயே!” என்று கத்தினேன். தமிழ்தான், அவனுக்கு விளங்காது. நான் நடிக்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினான். பெட்டையளும் தட்டினார்கள். ஒருத்தி என்னைப் படம் பிடித்தாள்.

கதவு திறந்தபோது மகன் சுவரோடு முதுகை வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். “பரவாயில்லை அம்மா” என்றான். அவன் குரலில் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே அந்த மனுசியின் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். மகளுடைய முகம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ‘அம்மா, ப்ளீஸ்’ என்று கண்ணால் கெஞ்சினாள்.

எங்களுக்குப் போட்டிருந்த மேசையும் ஓர் அறைக்குள்தான். கதவைக் கழற்றாமல் திறந்து வைத்திருந்தார்கள். சுவரில் பழைய விலங்கு ஒன்று, அதற்குப் பக்கத்தில் பூச்சாடி. கக்கூஸ் வாளி இருந்திருக்க வேண்டிய மூலையில் ஐஸ் வாளி. சாப்பாட்டு அட்டையைத் திறந்தால் ‘கடைசிச் சாப்பாடு’ என்று பெரிய இறைச்சித் துண்டு, ‘தூக்குக்காரன்’ என்று ஒரு குடிவகை, ‘ரொட்டியும் தண்ணியும்’ என்று ஏதோ புளித்த மாவில் சுட்ட பாண். என் பிள்ளைக்கு அவனுடைய பிறந்தநாளுக்குக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டுபோய், வாசலிலேயே பறிகொடுத்தவள் நான். உள்ளே ஒரு மிசினில் சில்லறை போட்டு வருகிற தேத்தண்ணியும் சொக்கிளேற்றும்தான் கொடுக்கலாம். அவன் எழும்பி வந்து அதை எடுக்கவும் கூடாது. அங்கே வெளிச்சாப்பாட்டுக்கு வழியில்லை, இங்கே சிறைச்சாப்பாட்டுக்கு முன்பதிவு. தூ!

தட்டுகள் வந்தன. ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை, சம்பந்தியம்மாவைத் தவிர. அவர் மட்டும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டு, என் மகனைப் பார்த்து, “தம்பி, கோவமா? வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்” என்றார். “நானே ரெண்டு தடவை மறியல்ல இருந்தவதான்.”

என் வாயில் வைத்த பாண் அப்படியே நின்றது. “நீங்களுமோ?” என்றேன்.

“ஆமா! எங்க டீச்சருங்க போராட்டத்துல. கலெக்டர் ஆபீஸ் ரோட்டை மறிச்சு உக்காந்தோம். போலீஸ் வேன்ல ஏத்திக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்துல வெச்சாங்க. மத்தியானம் லெமன் சாதம் பொட்டலம், சாயங்காலம் விட்டுட்டாங்க. ஒரு நாளுக்கே எனக்கு இடுப்பு போயிருச்சு. தம்பி ஒண்ணரை வருஷம் உக்காந்திருக்காரே!” அவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு அவனை அப்படியே பார்த்தார். “சொல்லுங்க தம்பி, என்ன கோரிக்கை? எந்த ரோட்டுல?”

எந்த ரோட்டில்!

எனக்கு விளங்க நேரமெடுத்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. எந்தப் பையன் இதெல்லாம் செய்றான். பெருமைப்படணும். தம்பிக்குப் பிடிக்கும். பழக்கம்தானே. அவர்கள் ஊரில் மறியல் என்றால் வழியை மறித்து இருப்பதாம், போராட்டமாம். அந்த மனுசி ஒரு நாளும் நக்கலடிக்கவில்லை. நான்தான் கிழமைக்கணக்கில் இல்லாத ஒருத்தியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கோபத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல் இருந்தேன்.

சம்பந்தியம்மா இன்னும் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. அவனை யாரும் அப்படிப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. திருத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் ‘மறியலிலை’ என்று அடித்துச் சொன்ன வாய், இன்னும் ஒரு நிமிடம் அந்தப் பார்வை அவன்மேல் இருக்கட்டும் என்று மூடிக்கொண்டது.

அவன்தான் சொன்னான். “இல்லை அன்ரி. ஜெயில். நான் ஒருத்தரை அடிச்சனான். அவர் செத்துப்போயிருப்பார், நல்லகாலம் பிழைச்சிட்டார்.”

சம்பந்தியம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. தன் மகனிடம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். அத்தை சொல்லிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பெடியன் கதவுக்குள் தலையை நீட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டான். அருமை என்றாள் மகள். அவன் போய்விட்டான்.

“ஜெயில்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தியம்மா” என்றார் அந்த மனுசி. 

“சொன்னனான். மறியல் எண்டு சொன்னனான்.”

“மறியல்னா ஜெயிலா? முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்தவ நான்!”

“அப்ப முப்பது வருசம் படிப்பிச்சது காணாது.”

“நீங்க பேசுறது என்ன தமிழோ!”

“உங்கடையிலும் பார்க்கத் திறம் தமிழ்!”

இரண்டு பேரும் மேசைக்கு மேலால் குனிந்துவிட்டோம். என் கை அவருடைய தண்ணீர்க் கிளாசைத் தட்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்தச் சண்டை எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளும் உள்ளே வைத்திருந்ததை யாரையாவது பார்த்துக் கத்த முடிந்ததே. மகள்தான் மேசையில் கையால் அடித்து நிறுத்தினாள்.

“நிப்பாட்டுங்கோ ரெண்டு பேரும்! எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். அண்ணா என்னோடை நடக்கலாமோ, இல்லையோ?”

சம்பந்தியம்மா ஈரமான மேசைத்துணியைக் கைக்குட்டையால் ஒற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “ஊர்ல இருந்து என் தம்பிங்க, அவங்க பொண்டாட்டிங்க, எல்லாரும் வர்றாங்க. மருமகளோட அண்ணன் போராட்டக்காரர், ஒண்ணரை வருஷம் மறியல்ல இருந்தவர்னு நான் எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிட்டேன். இப்ப போய் என்னன்னு மாத்திச் சொல்லுவேன்?”

பெடியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாய் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார்.

“மாத்த வேணாமே” என்றார். “மறியல்னே இருக்கட்டும். அது சம்பந்தியம்மா சொன்ன வார்த்தைதானே. நான் பொய் சொல்லலை, அவங்களும் பொய் சொல்லலை. கேக்கிறவங்க எப்படிப் புரிஞ்சுக்கிறாங்களோ அப்படிப் புரிஞ்சுக்கட்டும். தம்பி தாராளமா நடந்து வரட்டும். என்ன சொல்றீங்க சம்பந்தியம்மா?”

“ஓம்” என்றேன்.

அவர் கேட்டு முடிக்கவும் நான் சொல்லவும் சரியாக இருந்தது. மகள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் சந்தோசம் இல்லை.

“ஏலாது அம்மா” என்றான் மகன்.

அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டு எத்தனையோ காலம். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அன்றைக்கு அவன் அவரை நேரே பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அன்ரி, ஆரும் என்னட்டைக் கேட்டா நான் ஜெயில் எண்டுதான் சொல்லுவன். அம்மா ஓம் எண்டு சொன்னாலும் நான் சொல்லுவன். போராட்டம் எண்டு ஆரும் எனக்குக் கை தந்தா என்னாலை தாங்கேலாது. அது உங்களுக்குச் சரியெண்டா தங்கச்சியோடை நடக்கிறன். சரியில்லையெண்டா கடைசி வாங்கிலை இருந்து பாக்கிறன். உங்களோடை எனக்குக் கோவமில்லை.”

கோவிலின் கடைசி வாங்கில், வந்தவர் போனவர் இருக்கிற இருக்கையில், என் பிள்ளை. நான் எதையாவது சொல்லி அதை மறிக்கப் பார்த்தேன். மகள் என் மடியில் கையை வைத்து அழுத்தினாள், பேசாமல் இரு என்கிற மாதிரி.

சம்பந்தியம்மா அவனை நெடுநேரம் பார்த்தார். முன்னர் பார்த்த மரியாதைப் பார்வை அதுவல்ல. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, நான்தான் கண்ணாடியை உடைத்தேன் என்று சொன்னால் ஒரு டீச்சர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. கோபமும் இருந்தது, வேறென்னவோவும் இருந்தது.

“அடிபட்டவர் நல்லா இருக்காரா?”

“வேலைக்குப் போறாராம். ஒரு காது கேக்காதாம்.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் விலங்கு தொங்கிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கேட்டாச் சொல்லுங்க தம்பி” என்றார். “கேக்காதவங்ககிட்ட நீங்களாப் போய்ச் சொல்லாதீங்க. என் தம்பிங்களுக்கு நானே சொல்லிர்றேன். என் வாயாலதானே பெருமையடிச்சேன், நானே மாத்திச் சொல்றேன். நீங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க.”

“ஓம் அன்ரி” என்றான்.

மகள் அழுதாள். பெடியன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். பரிமாறுகிறவன் வந்து, கடைசிச் சாப்பாட்டை முடிக்கவில்லையே, கட்டித் தரவா என்று கேட்டான். சம்பந்தியம்மா கட்டச் சொன்னார். எனக்கு அந்த மனுசியை அப்போதும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பெரிதாகப் பிடித்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். என் தமிழை அவர் குறை சொன்னதை நான் மறக்கப்போவதில்லை.

கலியாணத்தன்று மகன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு நடந்தான். கேட்ட இரண்டொரு பேருக்கு உள்ளதைச் சொன்னான். அவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். நான் அன்றைக்குச் சொன்ன அந்த ‘ஓம்’ பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. அவனை ஒளிக்கலாம் என்று சொல்லுவதற்கு முதல் சம்பந்தியம்மா இருந்து யோசித்தார். சம்மதம் சொல்ல நான் யோசிக்கவேயில்லை. அவன் அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் இருந்தான்.